பச்சை பிடிக்காத செம்புத் தகடு

ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்து, பிலிகுண்டுலுவில் தண்ணீரின் அளவு ஏறிக்கொண்டே போனதால் ஒகேனக்கல் அருவியில் குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை. தடை போட்ட நாளில் இந்த ஊரைப் பார்க்க வேண்டும். மீன் வறுக்கிற பெண்கள் சட்டியைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆள் கிடைக்காமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார்கள். பரிசல்கள் கரையில் குப்புறக் கிடக்கும். தூரத்தில் அந்தப் புகை மட்டும் எழும்பிக்கொண்டே இருக்கும். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. புகைகிற கல் என்பதுதான் ஊர்ப்பெயர். கிட்டே போனால் சட்டை நனையும்.

எனக்குப் பல வருடப் பழக்கம் உள்ள பரிசல்காரர் ஒருவர் இங்கே உண்டு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்குத் துடுப்புக்கு லீவு. டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதல் டீ முடியும்வரை ஆற்றைப் பற்றித்தான் பேச்சு. இரண்டாவது டீ சொன்னபிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பக்கம் தள்ளினார்.

"தொறந்து பாருங்க சார். நீங்க வேதக்காரரு, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

உள்ளே குச்சி இல்லை. சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருட்டிய செம்புத் தகடு, மேலே சிவப்பு நூல். பிரித்துப் பார்த்தேன். ஆணியால் கீறிய கட்டங்கள், மூன்றுக்கு மூன்று. கட்டத்துக்குக் கட்டம் ஓர் எழுத்தோ எண்ணோ. நடுக்கட்டத்தில் அவருடைய மருமகளின் பெயர், ஓர் எழுத்துப் பிழையோடு.

சங்கதி இதுதான். மருமகளுக்குக் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து யாரோடோ பேசுகிறாள். தொட்டிலைப் பார்த்து, இது எம்புள்ள இல்ல, மாத்திட்டாங்க என்கிறாள். வீட்டில் பயந்துபோய், செய்வினை எடுக்கிற ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் வெற்றிலையில் மை தடவிப் பார்த்தார், வாசற்படிக்குக் கீழே தோண்டச் சொன்னார், தானே குழிக்குள் கையை விட்டு இதை எடுத்துக் காட்டினார். கூலி 11,000 ரூபாய். வைத்தது யார் என்று பேர் சொல்லமாட்டேன், அது தொழில் தர்மம் இல்லை என்றாராம். "ஒங்க ரத்த சொந்தம், இதே தெரு, எடது காலு கொஞ்சம் தாங்கி நடப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்.

இடது கால் தாங்கி நடப்பவர் அண்ணனுடைய கூடப்பிறந்த அக்கா.

"தகடு எடுத்து மூணு வாரமாச்சு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தேவல. அக்கா ஊட்டோட பேச்சுவார்த்தையும் நின்னுபோச்சு. சம்பந்தியம்மா பென்னாகரம் பக்கம் ஒரு ஜெபவீட்டுக்குப் போறவங்க. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூட்டியாங்க, ஆவி எறங்கிடும்ங்கறாங்க. பையன் மாதேஸ்வரன் மலைக்குப் போலாம்ங்கறான். அதான் ஒங்களக் கேக்கறேன். சூனியம்னு ஒண்ணு இருக்குதா இல்லீங்களா? ஒங்க வேதத்துல என்ன போட்டிருக்குது?"

வேதத்துக்குப் போவதற்கு முன்னால் எனக்கு ஒரு சந்தேகம். "எப்ப வச்சதாச் சொன்னாரு?"

"போன தை மாசம்."

"ஆறு மாசம் ஈர மண்ணுல கெடந்த செம்பு, அண்ணா. ஒங்க ஊட்டுச் செம்புக் கொடத்த ஒரு வாரம் தேய்க்காம வுட்டா என்ன ஆவும்?"

அவர் பதில் சொல்லவில்லை. தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் பச்சை இல்லை, களிம்பு இல்லை. பாத்திரக்கடையில் இருந்து வந்த மினுமினுப்பு அப்படியே இருந்தது. சிவப்பு நூலும் சாயம் போகாமல் இருந்தது. கொஞ்சநேரம் கழித்துச் சொன்னார்: "சரி சார், இது அந்தாளு கைச்சரக்குன்னே வச்சுக்குவோம். நெஜமாவே ஒருத்தன் வச்சிருந்தான்னா?"

நல்ல கேள்வி. மந்திரவாதியின் கைச்சாலக்கைக் கண்டுபிடிப்பது பகுத்தறிவின் வேலை. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கிறிஸ்தவம் தனியாக ஏதாவது சொல்கிறதென்றால், அது இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் சொல்ல வேண்டும்.

தமிழில் வேதாகமத்தைப் பெயர்த்தவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு எப்போதும் வியப்பு. உபாகமம் 18ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலருக்குள் இருக்கக்கூடாத ஆட்கள் என்று ஒரு நீண்ட வரிசை வரும். எபிரேயத்தில் இருந்த பெயர்களுக்கு ஈடாக நம் தெருவில் திரிந்தவர்களையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். நாள் பார்க்கிறவர் அதில் உண்டு, சன்னதக்காரர் உண்டு. அஞ்சனம் பார்க்கிறவரும் உண்டு. அண்ணன் வீட்டுக்கு வந்து வெற்றிலையில் மை தடவியவர் அவர்தான். புதிய ஏற்பாட்டில் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில், நம் பேச்சில் புழங்கும் பில்லிசூனியம் என்ற சொல்லே இருக்கிறது. அதன் கிரேக்க மூலம் ஃபார்மகேயா. மருந்துக்கடையை ஃபார்மசி என்கிறோமே, அதே வேர். மருந்து, நஞ்சு, வசியத்துக்குக் கொடுக்கிற பொடி எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு ஒரே குடும்பத்துச் சொல். நம் ஊரில் இடுமருந்து என்று சொல்வதை அந்தக் காலத்துக் கலாத்தியாக்காரனுக்கு விளக்கவே வேண்டியிருந்திருக்காது.

பவுல் அங்கே அடுக்கும் பாவங்களின் வரிசையில் பில்லிசூனியத்துக்கு அடுத்தபடியாக நிற்பவை எவை என்று பார்த்தால் இன்னொரு விஷயம் புலப்படும். பகை, சண்டை, பொறாமை, கோபம். எங்கோ பாதாளத்தில் நடக்கிற காரியமாக அவர் அதை எண்ணவில்லை. அண்டை வீட்டுப் பகையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

"அப்ப இருக்குதுங்கறாரு" என்றார் அண்ணன்.

ஆவிகளே கிடையாது என்று வேதம் சொல்லவில்லை. அதை மறைத்துப் பேசினால் நான் பொய்யன். ஆனால் இருக்கிறதா இல்லையா என்பதில் அதற்கு அவ்வளவு அக்கறையும் இல்லை. அதன் கண் வேறு இடத்தில் இருக்கிறது. பிலிப்பி பட்டணத்தில் நடந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் சொல்லும் கதையைச் சொன்னேன். குறி சொல்லும் ஆவி பிடித்த அடிமைப் பெண் ஒருத்தி. அவள் குறி சொல்லிச் சம்பாதிப்பது எல்லாம் எஜமான்களுக்கு. பவுலும் சீலாவும் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்து, இவர்கள் கடவுளின் ஊழியக்காரர்கள் என்று கூவுகிறாள். கவனியுங்கள், அவள் சொன்னது பொய்யில்லை. பலிக்கிற குறி. விளம்பரம் மாதிரி வைத்துக்கொண்டாலும் நல்ல விளம்பரம். பவுல் பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த ஆவியை வெளியே போகச் சொல்கிறார். அது போய்விடுகிறது. ஊர் அவருக்கு மாலை போடவில்லை. பிழைப்பு போயிற்றென்று எஜமான்கள் இரண்டு பேரையும் சந்தைவெளிக்கு இழுத்துக்கொண்டு போய், அடி வாங்கிக் கொடுத்து, சிறையில் தள்ளுகிறார்கள்.

குறி பலிக்கிறதா என்பது அந்தக் கதையில் கேள்வியே இல்லை. அந்தப் பெண் யாருக்கு அடிமை, பணம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அண்ணன் 11,000 ரூபாயை நினைத்தாரோ என்னவோ, டீ கிளாஸை ஒரே மடக்கில் காலி பண்ணினார்.

அதே புத்தகத்தின் 8ஆம் அதிகாரத்தில் சமாரியாவில் சீமோன் என்ற மாயவித்தைக்காரர் வருகிறார். ஊரே அவரைப் பெரிய சக்தி என்று கொண்டாடியது. பேதுருவும் யோவானும் கை வைத்தால் பரிசுத்த ஆவி இறங்குவதைப் பார்த்ததும் அவருக்குத் தொழில் புத்தி வேலை செய்தது. பணத்தைக் கொண்டுவந்து நீட்டி, இந்த வித்தையை எனக்கும் கொடுங்கள் என்கிறார். பேதுரு திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. பின்னாளில் திருச்சபைப் பதவிகளைக் காசுக்கு விற்பதற்கு ஐரோப்பாவில் வைத்த பெயர் அவருடைய பெயர்தான், சைமனி. மந்திரவாதியின் பெயரில் ஒரு பாவத்தைக் குறித்துவைத்துவிட்டு, அதைப் பெரும்பாலும் செய்தவர்கள் பாதிரிமார்கள்.

எபேசில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஸ்கேவா என்பவரின் ஏழு பிள்ளைகள் ஊர் ஊராகப் பேயோட்டுகிறவர்கள். இயேசுவின் பெயருக்கு வலு இருக்கிறதென்று கேள்விப்பட்டு, அதை ஒரு மந்திரம்போல உச்சரித்துப் பார்த்தார்கள். பேய் பிடித்தவன் எகிறிப் பாய்ந்து அடித்த அடியில் ஏழு பேரும் துணியில்லாமல் ஓடினார்கள். அதைப் பார்த்துப் பயந்த ஊர்க்காரர்கள் தங்கள் மந்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொளுத்தினார்கள். மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஒருநாள் கூலி என்று கணக்கு வைத்தால், 50,000 நாள் உழைப்பு புகையாகப் போயிற்று.

"பேரச் சொன்னா போவும்னுதான சார் எங்க சம்பந்தியம்மாவும் சொல்றாங்க?"

இங்கேதான் ஜெபத்துக்கும் மந்திரத்துக்கும் வித்தியாசம். திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீசில் மனு நாள். மனு எழுதிக் கொடுக்கிறோம். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். முடிவு நம் கையில் இல்லை. வாசலில் ஒருவர் நின்று, இவ்வளவு கொடு, கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றால் அது வேறு சமாச்சாரம். மந்திரம் என்பது அந்த இரண்டாவது வழி. சரியான எழுத்து, சரியான எண்ணிக்கை, அமாவாசை, பலிப்பொருள் எல்லாம் பொருந்தினால் அந்தச் சக்தி செய்தே தீரவேண்டும். ஜெபம் மனு. கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. இயேசுவின் பெயரை இத்தனை தடவை சொன்னால் இத்தனை மணிக்குள் போய்விடும் என்று யாராவது சொன்னால், வாயில் இருப்பது கிறிஸ்தவச் சொல், செய்வது ஸ்கேவா பிள்ளைகளின் வேலை. மந்திரவாதத்தை வேதம் தடுப்பதற்கு மந்திரவாதி பலசாலி என்பதல்ல காரணம். கடவுளை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான். கிறிஸ்தவர்கள் கும்பிடுகிற ஆளே சிலுவையில் தொங்கும்போது, சக்தி இருந்தால் இறங்கி வா என்று கீழே நின்றவர்கள் கேலி செய்தார்கள். அவர் இறங்கவில்லை.

கலெக்டர் உவமானம் அண்ணனுக்குப் பிடித்திருந்தது. "ஆனா மனு குடுத்து எங்க சார் நடக்குது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாஸ்டர் மூன்றாவது டீயைத் தானாகவே வைத்தார்.

இவ்வளவு தெளிவாக வேதத்தில் இருக்கிறது, நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் இதன்படியா இருந்தார்கள் என்று கேட்டால், இல்லை. மதுரை மிஷனின் இயேசு சபைக் குருமார்கள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் பேய் விரட்டிய கதைகள் ஏராளம். குருவைவிட அதிகமாக அந்த வேலையைச் செய்தவர்கள் உள்ளூர் உபதேசியார்கள். 1693ல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தரின் பெயரும், அவர் ரத்தம் சிந்தியதாகச் சொல்லும் அந்தச் செம்மண்ணும் அதே நம்பிக்கையில்தான் ஊர் ஊராகப் போயின. கத்தோலிக்க வழி பேயை மறுக்கவில்லை. புனிதரை அதற்கு மேலே உட்காரவைத்தது. தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டியில் அந்தோணியார் கோயிலுக்கு இன்றைக்கும், பிடித்துவிட்டது என்று நம்புகிறவர்களைச் சாதி மதம் பார்க்காமல் கூட்டிவருகிறார்கள். பிரிஜித் செபஸ்தியா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் வேறு ரகம். எங்கள் குடும்பம் லண்டன் மிஷன் வழி. சேலத்துக்கு அந்த மிஷன் வந்தது 1827ல். தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவுக்குள். அவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள். சூனியம், கண்ணேறு என்று யாராவது வாயைத் திறந்தால் அஞ்ஞானம் என்று ஒரே சொல்லில் கதவை மூடிவிட்டார்கள். என் அப்பாயி ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவார். வீட்டுக்கு வந்ததும், ஆராதனையில் யார் யார் என்னைத் தூக்கிக் கொஞ்சினார்கள் என்று மனதில் கணக்கு வைத்து, கல்லுப்பும் ஏழு மிளகாயும் எடுத்து என் தலையை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போடுவார். சுற்றும்போது வாயில் கர்த்தர் கற்பித்த ஜெபம். மிளகாய் கமறினால் திருஷ்டி இல்லை, கமறாவிட்டால் இருக்கிறது. ஐயருக்கு, அதாவது எங்கள் போதகருக்கு, இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

அப்பாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயம் இருந்தது, அதற்கு எங்கள் கோயிலில் யாரும் காது கொடுக்கவில்லை. அவர் தானே ஒரு வழி பண்ணிக்கொண்டார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1814லேயே சாஸ்திரக் கும்மி என்று ஒரு நூலை, சகுனம் பார்ப்பது, நாள் பார்ப்பது போன்றவற்றைக் கேலி செய்து எழுதினார். ஊரில் இல்லாத வழக்கத்தை யாரும் கும்மியடித்துக் கேலி செய்வதில்லை. ஆனால் அதே சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் குறி சொல்லும் குறத்தியையே கூட்டிவந்து நற்செய்தி சொல்ல வைத்தார். மிஷனரிகள் மூடிய கதவுக்கு அவர் ஒரு சன்னல் வைத்தார் என்று எனக்குத் தோன்றும்.

லயனல் கேப்ளன் என்று ஒரு மானிடவியலாளர், லண்டனிலிருந்து வந்து 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் சென்னை புராட்டஸ்டண்ட் குடும்பங்களுக்கிடையே பழகி ஆராய்ந்தவர். அவர் கண்டது இதைத்தான். பெரிய சபைகள் சூனியம் என்பதே கிடையாது என்றன. ஏழைக் கிறிஸ்தவர்களுக்கோ குழந்தை தங்காததும், வேலை போனதும், குடிகாரப் புருஷனும் யாரோ செய்த வினையாகவே தெரிந்தன. சபையில் சொல்ல முடியாது. மந்திரவாதியிடம் போனால் குற்றவுணர்ச்சி. அந்த இடைவெளியில்தான் பெந்தெகொஸ்தே போதகர்களும் ஜெபக்கூட்டக்காரர்களும் வந்தார்கள். உன் பயம் உண்மைதான், உனக்குச் செய்திருக்கிறார்கள், ஆனால் இயேசு அதைவிடப் பெரியவர் என்றார்கள். ஜனங்கள் திரண்டது ஆச்சரியமா? தன் துன்பத்தை ஒருவர் நம்பிவிட்டார் என்பதே பாதி மருந்து.

மீதிப் பாதிதான் கவலை. என் அத்தைக்கு நடந்ததை அண்ணனிடம் சொன்னேன். அத்தைக்கு மூன்று தடவை கரு கலைந்தது. ஒரு ஜெபக்கூட்டத்தில் போதகர் கண்ணை மூடிக்கொண்டு, உன் வீட்டுக்கு அடிக்கடி பலகாரம் கொண்டுவருகிற நாத்தனார்தான் என்று சொன்னார். நாத்தனார் என்றால் என் அம்மா. நாங்கள் கொண்டுபோன அதிரசம் குப்பையில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. பதினோரு வருஷம் இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லை. அத்தைக்கு இருந்தது தைராய்டு என்று பிற்பாடு ஓர் ஆஸ்பத்திரியில் தெரிந்தது. அந்தப் போதகர் மை டப்பாவுக்குப் பதிலாகக் கையில் வேதாகமம் வைத்திருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

"எங்கக்காவும் போன ஆடிக்கு அதிரசந்தான் சுட்டுட்டு வந்துச்சு" என்றார் அண்ணன், ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

ஆளைக் காட்டுவது. இந்த விஷயத்தில் உலகம் முழுக்க ரத்தம் சிந்தியது அந்த இடத்தில்தான், கிறிஸ்தவமும் அதில் கை கழுவ முடியாது. யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் சூனியக்காரியை உயிரோடு விடக்கூடாது என்ற பொருளில் ஒரு கட்டளை உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டுவரை ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேரைக் கொன்றார்கள், பெரும்பாலும் பெண்கள். 1692ல் அமெரிக்காவின் சேலத்தில் (நம் சேலம் இல்லை) 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், முந்தைய நூற்றாண்டுகளின் திருச்சபை, பெண்கள் ராத்திரியில் பறந்து போகிறார்கள் என்று நம்புவதையே பாவம் என்று சொல்லியிருந்தது. ஸ்பெயினில் சலசார் ஃப்ரியாஸ் என்ற விசாரணை அதிகாரி, 1610ல் சிலரை எரித்த ஒரு வழக்கில் தானும் நீதிபதியாக இருந்தவர், பிறகு பாஸ்க் பகுதியில் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். சூனியத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்கு முன்பு அந்த ஊர்களில் சூனியக்காரர்களும் இல்லை, சூனியம் பட்டவர்களும் இல்லை என்பதே அவர் எழுதியதன் சாரம். விசாரணை மன்றம் அவர் பேச்சைக் கேட்டது.

நம் நாட்டில் இது பழைய கதை இல்லை. பீகார் 1999லும் ஜார்க்கண்ட் 2001லும் அசாம் 2015லும் பெண்களைச் சூனியக்காரி என்று பட்டம் கட்டுவதைத் தடுக்கத் தனிச்சட்டம் போடவேண்டி வந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரிகிற அக்கரை கர்நாடகம், சாமராஜநகர் மாவட்டம். அங்கே 2017ல் நிறைவேற்றி 2020ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பேய் ஓட்டுகிறேன் என்று ஒருவரைக் கட்டி வைத்து அடிப்பது தனிக் குற்றம். இக்கரையில் அப்படித் தனிச்சட்டம் கிடையாது. அண்ணன் துடுப்பு போட்டால் பதினைந்து நிமிடத்தில் சட்டம் மாறிவிடும்.

"அப்ப இந்தப் புள்ளைக்கு ஏன் இப்படி ஆச்சு? யாரும் செய்யலன்னா, நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் சீடர்கள் கேட்பதும் இதுவேதான். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. யார் காரணம் என்று தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசும் வேலையைப் பார்க்கிறார். அண்ணனுக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எத்தனை பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை, முட்டி வளைவு, நாற்பது வயதில் நிமிர முடியாத முதுகு. யார் கண்ணும் பட்டதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு; லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, பல ஊர்களில் அதைத் தாண்டியிருந்தது. ஜப்பான் கடனில், 1,928 கோடி ரூபாய்த் திட்டத்தில், 2013லிருந்து இதே காவிரித் தண்ணீர்தான் குழாயில் போகிறது. "அந்த பம்பு ஹவுஸ் கட்டறப்ப நான் மண்ணு தூக்கியிருக்கேன்" என்றார் அண்ணன், முதல்தடவையாகச் சிரித்து.

மருமகள் விஷயத்துக்கு வந்தேன். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் பிரசவத்துக்குப் பிறகு முதல் சில வாரங்களில், ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பெண்களுக்கு இப்படித் தூக்கம் கெட்டு, குரல் கேட்டு, பிள்ளை மாறிவிட்டதென்று தோன்றுகிற ஒரு நோய் வருவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். மருந்துக்குக் கேட்கிற நோய். தள்ளிப்போட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அவளைக் குழந்தையோடு தனியாக விடவே கூடாது. பேயோட்டுவதற்கென்றே ஒரு சடங்குமுறை வைத்திருக்கும் கத்தோலிக்கச் சபையே இதில் எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறது என்று சொன்னேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் விதிப்படி, ஆயரின் தனி அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அந்தச் சடங்கைச் செய்ய முடியாது. இந்தப் பகுதிக்கு ஆயர் தருமபுரியில், 1997ல் சேலத்திலிருந்து பிரிந்த மறைமாவட்டம். மனநோய் என்பது வேறு, அது மருத்துவத்தின் பாடு என்று அவர்களுடைய மறைக்கல்வி நூலே பிரித்துச் சொல்கிறது. நோயா இல்லையா என்று பார்த்த பிறகுதான் சடங்குப் பேச்சு.

ஏர்வாடியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலி போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். குணமாகும் என்று நம்பி அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. மாற்கு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்துக் கல்லறைவாசியையும் ஊர் சங்கிலியால்தான் கட்டிப்பார்த்தது. அவன் குணமானபோது ஊரார் வந்து கண்டது மூன்றே அடையாளங்கள்: உட்கார்ந்திருக்கிறான், துணி உடுத்தியிருக்கிறான், புத்தி தெளிந்திருக்கிறான். ஆஸ்பத்திரி வார்டில் தினம் நடக்கிற காரியம்.

"அப்ப ஜெபத்துக்குக் கூட்டிப்போவ வேணாமா? சம்பந்தியம்மா வருத்தப்படுவாங்க."

தாராளமாகப் போகட்டும். அந்தப் பெண்ணின் தலையில் அன்பாக நாலு பேர் கை வைத்து வேண்டிக்கொள்வது அவளுக்கும் வேண்டியதுதான், அவள் அம்மாவுக்கும் வேண்டியதுதான். ஆனால் முதலில் தருமபுரி அரசு ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு. வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஜெபவீட்டில் மாத்திரையை நிறுத்து என்று சொன்னாலோ, அவளை அடித்தாலோ, காசு கேட்டாலோ, இன்னார்தான் வைத்தது என்று ஆளைக் காட்டினாலோ எழுந்து வந்துவிட வேண்டும். ராத்திரியில் ஏதாவது என்றால் மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள். நம்பரை எழுதத் தாள் இல்லை. தீப்பெட்டியின் முதுகில் எழுதிக் கொடுத்தேன்.

தகட்டை என்ன செய்யப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் அதை மறுபடியும் சுருட்டினார். நூலைச் சுற்றப் போனவர், ஏனோ சுற்றாமல், நூலைத் தனியாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டி திரும்பவும் சட்டைப்பைக்குள் போயிற்று. தூக்கிப்போட இன்னும் மனசு வரவில்லை. எனக்கு அது புரிந்தது. அப்பாயியின் பேரன் நான்.

"காலைல மொத பஸ் எத்தன மணிக்கு மாஸ்டர்?" என்று கேட்டார். மாஸ்டர் அஞ்சு மணிக்கு மேல் ஒன்று இருக்கிறது, பென்னாகரத்தில் மாறவேண்டியிருக்கும் என்றார். கைக்குழந்தையையும் மருமகளையும் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறுவதற்கு வீட்டில் இன்னொரு பொம்பளை வேண்டுமே, அவர் பெண்சாதிக்கு முட்டி வலி என்று தனக்குத்தானே கணக்குப் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு ஊட்டமலைப் பக்கமாக நாலு எட்டு வைத்தவர், நின்று, திரும்பி, அக்கா வீடு இருக்கிற சந்தில் இறங்கினார்.